முதுகை முறுக்கும் முன் கேட்க வேண்டியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பாம்பனில் நாட்டுப்படகுத் தொழில் செய்கிறவன். வயது 54. பதினைந்து வயதில் அப்பாவோடு வத்தையில் ஏறினேன். இன்றைக்கும் கடலுக்குப் போகிறேன், முன்னைப்போல் தினமும் இல்லை. உங்கள் நாளிதழைக் காலையில் டீக்கடையில் முதல் ஆளாக வாசிப்பவன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் கட்டியிருந்த ஒரு பிளெக்ஸ் போர்டு என்னை எழுத வைத்தது.

'ஜவ்வு விலகல், நரம்பு அழுத்தம், கழுத்து எலும்புத் தேய்மானம். ஒரே நாளில் தீர்வு. மாத்திரை இல்லை, ஆபரேஷன் இல்லை' என்று அதில் போட்டிருந்தது. சிகிச்சையின் பெயர் கைரோபிராக்டிக், அதாவது முதுகெலும்பைக் கையால் அழுத்தி, முறுக்கிச் சரிசெய்கிற முறை. ஒரு கல்யாண மண்டபத்தின் பெயரும் ஞாயிற்றுக்கிழமைத் தேதியும் செல் நம்பரும் இருந்தன. வைத்தியம் பார்க்கிறவர் என்ன படித்தவர், எங்கே பதிவு செய்தவர் என்று ஒரு வரிகூட இல்லை.

அந்த ஞாயிறு காலையில் மண்டபத்துப் பக்கம் போனேன். நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். பாதிப் பேர் கடல்பாசி எடுக்கிற பெண்கள். டோக்கன் 500 ரூபாய். உள்ளே போய்விட்டு வந்த என் சொந்தக்காரப் பெண்ணிடம், "என்னம்மா கேட்டாங்க?" என்றேன். "ஒண்ணும் கேக்கல மாமா. எங்க வலிக்குதுன்னாங்க, காட்டினேன். குப்புறப் படுக்கச் சொல்லி அழுத்துனாங்க. ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லி முறுக்குனாங்க. சத்தம் வந்துச்சு, அவ்வளவுதான்" என்றாள். ஐந்து நிமிடம் ஆகியிருக்குமாம். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒன்றும் கேட்கவில்லை என்று அவள் சொன்னாளே, அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் கரையில் இடுப்பு வலியைப் பற்றி யாரிடம் பேசினாலும் அவர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கும். நாட்டுப்படகில் வலை இழுக்கிறதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு காலையும் அகட்டி, முட்டியைப் படகு விளிம்பில் முட்டுக் கொடுத்து, குனிந்த வாக்கிலேயே ஈர வலையைக் கைக்கு மேல் கை போட்டு இழுக்க வேண்டும். இழுக்கிற நேரத்தில் படகும் உருளும். அப்புறம் நங்கூரம், மீன் கூடை, ஐஸ் பெட்டி. பெண்கள் பாடு இதைவிடக் கஷ்டம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நீர்வற்று நாட்களில் விடியும் முன்னே கிளம்பி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுப்பார்கள். ஐந்து ஆறு மணி நேரம் தண்ணீருக்குள் குனிவதும் முங்குவதும்தான். ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக் கரை ஏறி வீட்டுக்கு வந்தால் குடிதண்ணீர்க் குடம் காத்திருக்கும்.

தூக்குத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். நீட்டிய கையில் பத்து கிலோ ஈர வலை. அதைச் சமன் செய்ய வேண்டிய முதுகுத் தசை முள்ளந்தண்டுக்குப் பின்னால் இரண்டு மூன்று விரற்கடை தூரத்தில்தான் இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு கை நீளம், அந்தப் பக்கம் மூன்று விரற்கடை. பத்து கிலோவைச் சமாளிக்கத் தசை அதைப்போலப் பல மடங்கு இழுத்தாக வேண்டும். அந்த இழுப்பெல்லாம் அடி இடுப்பில்தான் போய் விழுகிறது. எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற ஜவ்வு பிதுங்குவது பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு ஜவ்வில்தான் என்று டாக்டர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கும் அங்கேதான் பிதுங்கியது. 2018 மே மாதம். விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எங்கள் நாட்டுப்படகுகளுக்கு அப்போதுதான் நல்ல விலை கிடைக்கும். நங்கூரக் கயிற்றை இழுத்த ஒரு நொடியில் இடுப்பில் கத்தி இறங்கினமாதிரி இருந்தது. மறுநாள் இடது புட்டத்தில் ஆரம்பித்து, தொடையின் பின்பக்கமாக, கெண்டைக்காலைத் தாண்டிச் சுண்டுவிரல் வரைக்கும் வலி. இருமினால்கூடக் காலில் மின்சாரம் பாயும். பலகையில் அசையாமல் படு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இருபது நாள் படுத்தேன். எழுந்தபோது கால் சூம்பி, நிற்கவே பலம் இல்லை.

அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா பார்த்தார்கள். காலை மடக்காமல் தூக்கினார்கள், முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டினார்கள், முன்பாதத்தில் நின்று நடக்கச் சொன்னார்கள். சிறுநீர், மலம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார்கள். எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. அந்தக் கேள்வியின் அருமை பிறகுதான் தெரிந்தது. அப்புறம் ஓபி சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார்கள். "படுத்துக் கிடக்காதீங்கண்ணே. வலி தாங்குற அளவுக்கு நடங்க. பிதுங்குனதுல பெரும்பகுதிய உடம்பே கரைச்சுக்கும்" என்றார்கள். மூன்று மாதத்தில் கால் வலி போய்விட்டது. ஆபரேஷன் இல்லை. யாரும் என் முதுகை முறுக்கவும் இல்லை.

டாக்டரம்மா போட்ட படம் எனக்கு மீன் முள்ளைப் பார்த்தமாதிரிதான் இருந்தது. மீன் அறுக்கிற எல்லோரும் பார்த்திருக்கலாம். சீலா மீனைக் குறுக்கே துண்டு போட்டால் நடுவில் வட்டமாக எலும்பு தெரியும் அல்லவா? அந்த நடுமுள்ளை வேகவைத்துக் கணுக்கணுவாகக் கழற்றுங்கள். ஒவ்வொரு கணுவும் இரண்டு பக்கமும் குழிந்து, சின்ன உடுக்கை மாதிரி இருக்கும். பச்சை மீனில் பார்த்தால் அந்தக் குழிக்குள் வழவழவென்று கூழ் மாதிரி ஒன்று இருக்கும். அது கருவில் உண்டாகிற முதுகுநாணின் மிச்சம் என்று என் மகள் சொன்னாள். மனிதனின் ஜவ்வுக்கு நடுவே இருக்கிற கூழும் அதே முதுகுநாணிலிருந்து வந்ததுதானாம். அவள் மதுரையில் பிசியோதெரபி கடைசி வருடம் படிக்கிறாள். இந்தக் கடிதத்தில் இருக்கிற படிப்பு விஷயமெல்லாம் அவள் பாடப் புத்தகத்தை வைத்துச் சொன்னது.

மீனுக்கு முதுகெலும்பு படுத்தவாக்கில் இருக்கிறது. உடம்பின் பாரத்தைத் தண்ணீர் தாங்குகிறது. நாம் நிமிர்ந்து நிற்கிறோம். பிறக்கும்போது 33 முள்ளெலும்பு. வளர வளரக் கீழே இருப்பவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் பெரியவர்களுக்கு 26 எலும்பு. கழுத்தில் 7, நெஞ்சுக்குப் பின்னால் 12, இடுப்பில் 5, கடைசியில் ஒட்டிப்போன இரண்டு. எலும்புகளுக்கு நடுவே 23 ஜவ்வு. ஜவ்வின் வெளிவளையம் எங்கள் பக்கத்துப் பனையோலைப் பெட்டி மாதிரி: ஒரு அடுக்கு நார் ஒரு பக்கம் சாய்ந்தால், அடுத்த அடுக்கு எதிர்ப்பக்கம் சாயும். மேலும் கீழும் எலும்போடு இறுக ஒட்டியிருக்கும்.

ஆகவே 'ஜவ்வு விலகிடுச்சு' என்று நாம் எல்லோரும் சொல்கிற பேச்சு சரியில்லை. ஜவ்வு தண்டவாளத்தை விட்டு இறங்கிய ரயில் பெட்டி மாதிரி விலகுவது கிடையாது. வளையம் நைந்து புடைக்கும், அல்லது கிழிந்து உள்ளே இருக்கிற கூழ் பிதுங்கும். கட்டைவிரலால் தள்ளி அதை உள்ளே அனுப்ப முடியாது. ஆனால் விலகல் என்ற வார்த்தை காதில் விழுந்தால், தள்ளி வைக்க ஒரு ஆள் வேண்டும் என்று மனசு தானாகத் தேடுகிறது. போர்டு எழுதினவருக்கு அது தெரியும்.

ஸ்கேன் விஷயமும் அப்படித்தான். 1994-ல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஓரிடத்தில் ஜவ்வு புடைத்திருந்தது. அவர்கள் எல்லோரும் வலியில்லாமல் நடமாடியவர்கள். வயதானால் தலை நரைக்கிறமாதிரி ஜவ்வும் வற்றும். ஸ்கேனில் புடைப்பு என்று இருக்கிறதை வைத்தே பயந்துவிடக் கூடாது.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்டபத்துக்கு வெளியே நின்றவர்கள், "சத்தம் நல்லா வந்துச்சு, எலும்பு உக்காந்துருச்சு" என்று பேசிக்கொண்டார்கள். என் அப்பத்தா பேரப்பிள்ளைகள் கன்னத்தைத் தடவித் தன் நெற்றிப் பொட்டில் விரலை வைத்து நெட்டி முறிக்கும். படபடவென்று சத்தம் வரும். அப்பத்தாவின் விரல் எலும்பு எதுவும் இடம் மாறி உட்காரவில்லை. மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து காற்றுக் குமிழ் உண்டாகிறது, சத்தம் அதுதான். முதுகெலும்பின் பின்பக்கத்தில் கணுவுக்குக் கணு இருக்கிற சின்ன மூட்டுகளிலும் அதே கதைதான். நெட்டி முறித்த விரலை உடனே மறுபடி முறித்துப் பாருங்கள், சத்தம் வராது. இருபது நிமிடமாவது ஆக வேண்டும்.

சத்தத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் இதமாக இருக்கும் என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. கைவைத்தியம் எல்லாமே மோசம் என்று சொல்லவும் நான் வரவில்லை. சாதாரண இடுப்புப் பிடிப்புக்கு, படித்தவர் கையால் முதுகை அசைத்துவிட்டால் சிலருக்கு ஓரளவு குறைகிறது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. உடற்பயிற்சியோடு இந்தக் கைச்சிகிச்சைக்கும் அதில் இடம் இருக்கிறது. ஆனால் வலிக்குப் பின்னால் வேறு நோய் எதுவும் இல்லாதவர்களுக்கு எழுதிய வழிகாட்டுதல் அது. வேறு நோய் இல்லை என்று முதலில் ஒருவர் பார்த்திருக்க வேண்டும்.

இந்தக் கைரோபிராக்டிக் 1895-ல் அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் ஊரில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கியது. கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்த ஒருவரின் முதுகெலும்பைத் தட்டி, அவருக்குக் காது கேட்கவைத்ததாகச் சொன்னார். எலும்பு வரிசை பிசகி நரம்பை அடைப்பதால்தான் நோய்கள் வருகின்றன என்பது அவர் கொள்கை. கேட்கும் நரம்பு காதிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே மூளைக்குப் போய்விடுகிறது, முதுகுப் பக்கம் வருவதே இல்லை. இன்று அந்த நாட்டில் இதற்கெனத் தனிக் கல்லூரியில் பல வருடம் படித்து, உரிமம் வாங்கித்தான் தொழில் செய்ய முடியும். நோயாளியை எப்போது தொடக் கூடாது என்பதும் அந்தப் படிப்பில் உண்டு. எங்கள் ஊர் மண்டபத்துக்கு அந்தப் பெயர் மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

இனி என் மனைவி விஷயம். அவள் சம்மதித்துத்தான் எழுதுகிறேன்.

இருபது வருடத்துக்கு மேல் பாசி எடுத்தவள். 2022-ல் அவளுக்கு நடு முதுகுக்குக் கொஞ்சம் கீழே வலி வந்தது. பாசி எடுத்த வலிதானே என்று நானும் நினைத்தேன், அவளும் நினைத்தாள். எனக்கு வந்தமாதிரி வலி அது இல்லை. எனக்குப் படுத்தால் சுகமாக இருந்தது. அவளுக்கு ராத்திரி படுத்த பிறகுதான் கூடியது. சாயங்காலம் உடம்பு கதகதவென்று இருக்கும். ரவிக்கை தொளதொளவென்று ஆனது. சாப்பாடு குறைந்துவிட்டதால் இளைத்திருக்கிறாள் என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள ஓர் ஊரில் முதுகெலும்பைச் சொடுக்கிச் சரிசெய்கிறவர் இருந்தார். இரண்டு தடவை கூட்டிப்போனேன். நான்தான் கூட்டிப்போனேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முட்டியை முதுகில் வைத்துத் தோளைப் பின்னால் இழுத்தார். சத்தம் வந்தது. முதல் தடவை, "லேசா இருக்குண்ணே" என்று அவரிடமே சொன்னாள். இரண்டாவது தடவை கத்திவிட்டாள். அதற்கு அடுத்த வாரம் வீட்டுப் படியில் இறங்கும்போது செருப்பு காலிலிருந்து நழுவியதே அவளுக்குத் தெரியவில்லை. வெறுங்காலோடு வாசலில் நின்றாள். "பாதம் பஞ்சு மேல வச்சமாதிரி இருக்கு" என்றாள்.

ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் போனோம். பாம்பன் சாலைப் பாலத்தில் தூணுக்குத் தூண் இருக்கிற இணைப்பில் பஸ் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்டது, "சாயங்காலம் காய்ச்சல் வருதாம்மா? உடம்பு இளைச்சிருக்கா?" என்பதுதான். அப்புறம் மூடிய கையால் முதுகெலும்பு வழியே மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் தட்டியதும் அவள் அலறினாள். எக்ஸ்ரே, மதுரையில் எம்.ஆர்.ஐ. முதுகெலும்பில் காசநோய். நெஞ்சுப் பகுதியின் கடைசி இரண்டு முள்ளெலும்பும் நடுவே இருந்த ஜவ்வும் அரித்துப்போய், சீழ் கோர்த்து, முதுகெலும்புக்குள் ஓடுகிற நரம்புத் தண்டான தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருந்தது.

காசநோய் என்றால் நெஞ்சுச் சளி, இருமல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவளுக்கு ஒரு நாள்கூட இருமல் இல்லை. தண்டுவடம் இடுப்பின் முதல் இரண்டு கணு மட்டத்தில் முடிந்துவிடும், அதற்குக் கீழே தனித்தனி நரம்புகள் குதிரைவால் மாதிரிக் கற்றையாக இறங்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இவளுக்கு நோய் இருந்தது அதற்கு மேலே, தண்டுவடமே ஓடுகிற இடத்தில். அரித்துப்போன எலும்பின் மேல்தான் ஒருவர் முட்டியை வைத்து இழுத்திருக்கிறார். முறுக்கியதால்தான் கால் மரத்தது என்று டாக்டர் சொல்லவில்லை. "இதுக்கு மேல லேட்டாகியிருந்தா நடக்க முடியாமப் போயிருக்கும்" என்று மட்டும் சொன்னார். டாக்டரிடம் போகாமல் வீணாக்கிய அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அரசாங்கத்தின் இலவச மாத்திரைதான். 18 மாதம் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டாள். முதல் சில மாதம் முதுகுக்கு பெல்ட். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. கால் திரும்பிவிட்டது. முதுகைத் தடவினால் ஒரு கணு மட்டும் மேடாகத் தட்டுப்படும். அது அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். பாசிக்கு இப்போது போவதில்லை.

முதுகு வலிக்காரரில் பெரும்பாலானவர்களுக்கு இப்படி எதுவும் இருக்காது. சில வாரத்தில் தானாகக் குறைகிற வலிதான். ஆனால் ஆளைப் பார்த்தோ, வலிக்கிற இடத்தைத் தொட்டோ அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. கேட்டால்தான் தெரியும். சாயங்காலக் காய்ச்சல் உண்டா, உடம்பு இளைக்கிறதா, படுத்தாலும் ராத்திரி வலி விடாமல் இருக்கிறதா, முன்னால் புற்றுநோய் வந்திருக்கிறதா, சமீபத்தில் கீழே விழுந்தீர்களா, கால் நாளுக்கு நாள் பலம் இழக்கிறதா. வயதான பெண்களுக்கு எலும்பு மெலிந்திருக்கும். தும்மியதிலேயே கணு நொறுங்கியவர்கள் உண்டு. அப்புறம், வெட்கப்படாமல் கேட்க வேண்டியது: சிறுநீர் கட்டிக்கொள்கிறதா, உட்காருகிற இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போகிறதா. அப்படி இருந்தால் குதிரைவால் நரம்புகள் நசுங்குகின்றன என்று அர்த்தம். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும், ராத்திரியானாலும். இத்தனையும் கேட்க மூன்று நிமிடம் போதும். மண்டபத்தில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினார்கள்.

கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் ஒரு சொடக்கு எடுப்பார்கள். நானும் பல வருடம் கழுத்தை நீட்டியவன்தான். கழுத்து எலும்புகளின் பக்கவாட்டில் ஓட்டை உண்டு. மூளைக்குப் போகிற இரண்டு ரத்தக் குழாய்கள் அதன் வழியாகத்தான் ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. எப்போதோ ஒருவருக்கு நடப்பதுதான். ஆனாலும் ஒரு சொடக்குக்காக அதை ஏற்க வேண்டியதில்லை. என் மகள் சொன்ன நாளிலிருந்து நான் கழுத்தைக் கொடுப்பதில்லை.

ஐயா, என் வேண்டுகோள் இரண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வருகிற பிசியோதெரபிஸ்ட்கள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாளாவது பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்தில் படகு கரை சேருகிற நேரத்திலும், பாசி எடுத்து வருகிற நேரத்திலும் கரைக்கே வந்து உட்கார்ந்தால், நாங்கள் கல்யாண மண்டபத்தில் டோக்கன் வாங்கி நிற்க மாட்டோம். வலை இழுக்கும்போது இடுப்பை மடக்காமல் முட்டியை மடக்கு, சுமையை உடம்போடு ஒட்டிப் பிடி என்று அந்த இடத்திலேயே கைபிடித்துக் காட்டலாம். மாவட்ட நிர்வாகத்தின் பார்வைக்கு இது உங்கள் நாளிதழ் மூலம் போக வேண்டும்.

இரண்டாவது, இப்படி முகாம் போடுகிறவர்களின் படிப்பையும் பதிவையும் சுகாதாரத் துறையினர் நேரில் வந்து பார்க்க வேண்டும். முறையாகப் படித்தவராக இருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அதே மண்டபத்தில் அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு மறுபடியும் முகாம் என்று போர்டில் தேதியை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். தயவுசெய்து அதற்கு முன்னால் இதை வெளியிடுங்கள். கடிதம் நீளமாக இருந்தால் என் கதையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விகளை மட்டும் குறைக்காமல் போடுங்கள். டீக்கடையில் வெட்டி ஒட்டுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
நாட்டுப்படகு மீனவர், பாம்பன்,
ராமநாதபுரம் மாவட்டம்.